எச்சரிக்கையும் எமது உரிமையே!

மாரி பிறக்கின்றதென்றால் மகிழ்ந்த மக்கள் நாம். ஆவணியிலும் புரட்டாதியிலும் வெடித்துக் கிடக்கும் வயல் நிலம் ஐப்பசியின் முதல் மழையைக் கண்டதும் புது மணம் வீசும். வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் சம்மாந்துறையிலும் பெரும்போகத்துக்காக ஏர் பூட்டியவர்களின் பேரர்கள் இன்று உழவு இயந்திரத்தில் ஏறி அமர்ந்திருக்கின்றார்கள். கருவிதான் மாறியிருக்கின்றது. வானத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கம் மாறவில்லை. ஆனால் அந்தப் பார்வையில் முன்பிருந்த மகிழ்ச்சி இப்போது இல்லை. கிழக்கே கடலின்மேல் கறுப்புக் கட்டினால், "இம்முறை என்ன வருகின்றதோ?" என்ற ஏக்கமே கமக்காரனின் நெஞ்சில் முதலில் எழுகின்றது.

அந்த ஏக்கம் பொருளற்ற அச்சமன்று. அதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றையும், அதன் நடுவே நமக்கு மறுக்கப்பட்டு வரும் ஓர் உரிமையையும், நாமே செய்யத் தவறி வரும் ஒரு கடமையையும் தமிழ் பேசும் மக்களின் முன் எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கார்த்திகை மாலை

சில மாரிகளுக்கு முன்னர், காணி வழக்கொன்றின் தொடர்பாக வரிப்பத்தான்சேனைக்குச் சென்றிருந்தேன். கார்த்திகை மாதம். பிற்பகல் மூன்று மணிக்கே விளக்கேற்றவேண்டிய அளவுக்கு வானம் இருண்டிருந்தது. பேச வந்த முதியவர், தம் வழக்கைப் பற்றிப் பேசுமுன் மடியிலிருந்த கைத்தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்காப் பாருங்க. கடன்காரன் அனுப்பினதா, மழையைப் பத்தினதா எண்டு தெரியல்ல" என்றார்.

செய்தி சிங்களத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தைக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கிழக்கு மாகாணத்தில் கடும் மழை பெய்யும், தாழ்நிலங்களில் இருப்போர் அவதானமாக இருக்கவேண்டும் என்ற அரச எச்சரிக்கை அது. காலையிலேயே வந்திருக்கின்றது. அவருடைய மகன் நண்பகலுக்கு முன்னரே வயல் வாடிக்குக் காவலுக்குப் போய்விட்டான்.

"காக்கா, இது மழையைப் பற்றியதுதான். மகனைக் கூப்பிட்டு அனுப்புங்கள்" என்றேன். கூப்பிட்டு அனுப்ப அவ்வேளை எவருக்கும் வழியில்லை. மகன் மறுநாட் காலை வரம்பின்மேல் நடந்து, மார்பளவு நீரைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தான். வாடியும் நீர் இறைக்கும் இயந்திரமும் பசளை மூட்டைகளும் வெள்ளத்தோடு போயின. அந்த முதியவர் அதற்காக எவரையும் நொந்துகொள்ளவில்லை. "உசிர் மிஞ்சிச்சு, அது போதும்" என்றார்.

அவருக்கு அது போதும். சட்டம் படித்த எனக்கு அது போதவில்லை. தம் அரசு தம் உயிரைக் காக்க அனுப்பிய செய்தியைப் படிப்பதற்கு ஒரு குடிமகனுக்கு வழக்கறிஞன் தேவைப்படுமானால், அச்செய்தி அனுப்பப்பட்டது என்று சொல்வதற்கு என்ன பொருள்?

கரையின் கணக்கு

இந்தக் கரை பட்டவற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1957 டிசம்பரில் பெருவெள்ளம் கிழக்கை மூழ்கடித்ததை முதியோர் இன்றும் கதையாகச் சொல்வர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் நாட்டின் வடபுலத்தையும் வருத்திற்று. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சிதைத்தது. கரையோரத் தென்னந்தோப்புகள் ஓரிரவில் படுத்தன. காய்க்கும் தென்னையை மீண்டும் காண்பதற்கு ஒரு தலைமுறை காத்திருந்தது.

2004 டிசம்பர் 26 ஆம் நாளைச் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நீளும் இக்கரையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்த நேரத்துக்கும், நம் கரையில் அலை ஏறிய நேரத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. கரையோரத்திலிருந்து மேற்கே ஒரு மைல் நடந்து செல்வதற்கு அரை மணி நேரம் போதும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கல்முனைக்கு ஒரு சொல், ஒரே ஒரு சொல், வந்து சேரவில்லை.

2011 ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இருமுறை வந்த வெள்ளம், அறுவடைக்கு நின்ற பெரும்போகத்தை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அழுகச் செய்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதையும் உலுக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் மண் சரிந்து குடியிருப்புகளைப் புதைத்தது. அந்த நாட்களில், எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததையும் நாம் அறிவோம்.

மாவடிப்பள்ளிப் பாதையில்

இத்தனைக்கும் நடுவில் நம் நெஞ்சைவிட்டு அகலாத நாளொன்று உண்டு. அது 2024 நவம்பர் 26.

வங்கக் கடலில் உருவாகிப் பின்னர் ஃபெங்கால் எனப் பெயர் பெற்ற புயலின் தொடக்க நாட்கள் அவை. கிழக்கில் மழை ஓயாமற் பொழிந்தது. நிந்தவூர் மத்ரசாவில் ஓதிக்கொண்டிருந்த சம்மாந்துறைப் பிள்ளைகள் வீடு திரும்பப் புறப்பட்டனர். காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாகச் செல்லும் வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் உழவு இயந்திரத்தில் ஏற்றப்பட்டனர். அந்த இயந்திரம் வெள்ளத்தில் குடைசாய்ந்தது. சிலர் மீட்கப்பட்டனர். ஏனையோரின் உடல்கள் அடுத்தடுத்த நாட்களில் சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுக்கப்பட்டன. பெற்றோர் கரையில் நின்று ஒவ்வோர் உடலாக எதிர்பார்த்த காட்சியைக் கண்டோர் எவரும் மறக்கமாட்டார்.

யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதை இங்கு நான் தொடவில்லை. நான் கேட்பது வேறு. அந்த வீதி மாரிதோறும் மூழ்கும் வீதி. அதை அம்பாறைக்கும் தெரியும், கல்முனைக்கும் தெரியும், அவ்வழியே பால் கொண்டு செல்லும் சிறுவனுக்கும் தெரியும். தாழமுக்கம் உருவாகியிருப்பதும், கிழக்கில் பெருமழை பெய்யும் என்பதும் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தன. அறிவு இருந்தது. அறிவிப்பும் இருந்தது. அந்த அறிவிப்பை, "இன்று இந்த வீதியில் எவரும் செல்லலாகாது, பிள்ளைகள் எங்கே இருக்கின்றார்களோ அங்கேயே இருக்கட்டும்" என்ற கட்டளையாக மாற்றும் ஒரு கை மட்டும் இல்லாமற் போயிற்று.

கொழும்பில் ஓர் அறிஞர் வரைபடத்தைப் பார்த்து "கிழக்கில் நூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை" என்று எழுதுகின்றார். அவர் எழுதியது மெய். ஆனால் அது நம் ஊரின் மொழியில் என்ன? ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீர். அப்படியானால் நூறு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கர் வயலில் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் நீரைக் கொட்டும். ஆயிரம் ஏக்கர் கண்டத்தில் நாற்பது கோடி லீற்றர். அந்த நீர் எந்த வாய்க்காலால் வடியும், எந்தப் பாலத்தின் கீழ் முட்டும், எந்த வீதியை முதலில் மேவும் என்பதை வட்டவிதானையும் கமக்காரனும் அறிவர். கொழும்பின் எண்ணும் ஊரின் அறிவும் ஓரிடத்தில் சந்தித்தால்தான் எச்சரிக்கை பிறக்கும். இன்று அவை சந்திப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது?

"எச்சரிக்கை அனுப்புவது அரசின் கருணை, கிடைத்தால் நன்று" என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அது தவறு.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, அரசாங்க அலுவலகக் கடிதம் என்ன மொழியில் வருமென்று நம் தந்தையர் கேட்டனர். நீண்ட போராட்டத்தின் பின், 1987 இன் 13 ஆம் திருத்தமும் 1988 இன் 16 ஆம் திருத்தமும் தமிழை அரசியலமைப்பில் ஏற்றின. இன்று 18 ஆம் உறுப்புரையின்படி தமிழும் அரசகரும மொழி. 22 ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றும், மொழியின் காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்றும் 12 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. மொழியுரிமை மீறப்பட்டால் அங்கே முறைப்பாடு செய்யலாம்.

சுனாமிக்குப் பின்னர், 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய சபையையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் அச்சட்டமே தோற்றுவித்தது. ஒவ்வோர் அமைச்சும் ஒவ்வோர் அரச திணைக்களமும் தத்தமக்கு அனர்த்த முகாமைத்துவத் திட்டம் வகுக்கவேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி. ஆகவே திட்டம் இருக்கின்றதா என்று கேட்பது நம் உரிமை. நம் ஊரின் பெயர் அதில் இருக்கின்றதா என்று கேட்பதும் உரிமை.

கேட்பதற்கு வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கேட்கப்படும் தகவல் ஒரு குடிமகனின் உயிரையும் ஆள்சுதந்திரத்தையும் பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மறுமொழி தரவேண்டும் என்று அச்சட்டமே விதிக்கின்றது. பாதிக்கப்படக்கூடிய ஓர் ஊரின் வெளியேற்றத் திட்டத்தைவிட உயிரைப் பற்றிய தகவல் வேறு எது?

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் நாளாந்த முன்னறிவிப்புகளை மூன்று மொழிகளிலும் வெளியிடுகின்றது. அங்கே பணியாற்றுவோர் திறமை அற்றவரல்லர். குறை எங்கே நேர்கின்றதென்றால், நெருக்கடி முற்றும் வேளையில், மணிக்கு மணி நிலைமை மாறும் வேளையில், தமிழ் பின்தங்கி விடுகின்றது. அமைதி நாட்களில் மும்மொழி, ஆபத்து நாளில் ஒரு மொழி என்ற நிலை உரிமையாகாது. உரிமை சோதிக்கப்படுவது ஆபத்து நாளில்தான். பிந்தி வரும் கடிதத்தால் வருவது இழப்பு. பிந்தி வரும் எச்சரிக்கையால் வருவது மரணம்.

பிறர் செய்து காட்டியது

"புயலை யார் தடுக்க முடியும்?" என்று சிலர் கேட்பர். புயலைத் தடுக்க முடியாது. மரணத்தைக் குறைக்க முடியும். இது வெறும் நம்பிக்கையன்று. வங்காள தேசம் மெய்ப்பித்துக் காட்டியது.

1970 நவம்பரில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா சூறாவளியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுதலையடைந்த வங்காள தேசம், செம்பிறைச் சங்கத்துடன் சேர்ந்து 1972 இல் சூறாவளி ஆயத்தத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன் அடிப்படை எளிது. ஊர்தோறும் தொண்டர்கள். அவர்கள் கையில் வானொலி, ஒலிபெருக்கி, கையால் சுற்றும் ஊதுகுழல், கொடிகள். ஆபத்தின் அளவுக்கேற்பக் கொடிகளின் எண்ணிக்கை கூடும். எழுத்தறியாதவனும் கொடியைப் பார்த்து அறிவான். இன்று அத்தொண்டர்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களிற் பாதிக்குக் கிட்டியோர் பெண்கள். 1991 இல் மீண்டும் ஒரு கொடும்புயல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது அவர்கள் மனம் தளரவில்லை. புகலிடங்களைக் கட்டினர், தொண்டர்களைப் பெருக்கினர். 2007 இல் சிடர் என்ற கடும்புயல் வந்தபோது மாண்டவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் பெருந்துயரமே. ஆனால் மூன்று இலட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே?

இந்தியாவின் ஒடிசாவும் அவ்வாறே. 1999 இல் சுமார் பதினாயிரம் பேரைப் பலிகொடுத்த அந்த மாநிலம், 2013 இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றியது. மாண்டோர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை. இவை செல்வம் கொழிக்கும் நாடுகள் அல்ல. நம்மைப்போல் நெல்லும் மீனும் நம்பி வாழும் மக்கள் வாழும் கரைகள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

நம் கடமை

அரசை மட்டும் குறைகூறிவிட்டு அமர்ந்திருப்பவன் அரைக் கடமை செய்தவனே. மறு அரைவாசி நம் கையில் உள்ளது.

நம் ஊர்களில் பள்ளிவாசல் இல்லாத ஊர் இல்லை, கோவில் இல்லாத ஊர் இல்லை, பாடசாலை இல்லாத ஊர் இல்லை. பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொழுகைக்கு அழைக்கின்றது, மரணச் செய்தி அறிவிக்கின்றது. மரணம் நிகழுமுன் அறிவிக்க அதே ஒலிபெருக்கி பயன்படலாகாதா? காரைதீவின் கோவில் மணியும் சாய்ந்தமருதின் பள்ளிவாசலும் ஒரே வெள்ளத்தைப் பற்றி ஒரே நேரத்தில் பேசுமானால், தமிழரும் முஸ்லிம்களும் தனித்தனியே பிழைப்பதா, சேர்ந்து பிழைப்பதா என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல மறுமொழி கிடையாது. வெள்ளம் எவரிடமும் சமயம் கேட்பதில்லை.

ஆகவே, மாரிக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் செய்யத்தக்கவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, பள்ளிவாசல் நிருவாகத்தினர், கோவில் நிருவாகத்தினர், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர் ஆகியோரைக் கொண்ட சிறு குழுவொன்று அமையட்டும். அதில் பெண்கள் கட்டாயம் இருக்கவேண்டும். எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கின்றார், எந்த வீட்டில் பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கியுள்ளது என்பதைப் பெண்களே நன்கறிவர். ஆபத்து வேளையில் யாரை முதலில் தூக்கவேண்டும் என்ற பட்டியல் மழைக்கு முன்னரே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது, நம்பத்தக்க செய்தியையே நம்பவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள அறிவிப்பையும் நாள்தோறும் காலையும் மாலையும் பார்த்துச் சொல்ல ஒருவர் பொறுப்பேற்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117 என்பதை ஒவ்வொரு பிள்ளையும் மனனஞ்செய்யட்டும். யாரோ ஒருவர் அனுப்பும் குரற்பதிவைக் கேட்டு, "சுனாமி வருகின்றதாம்" என்று ஊரே ஓடிய நாட்களை நாம் அறிவோம். வதந்தி இருமுறை கேடு செய்யும். முதலில் வீணே ஓடச் செய்யும். பின்னர் மெய்யான எச்சரிக்கை வரும்போது ஓடாதிருக்கச் செய்யும்.

மூன்றாவது, ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் பாடசாலையிலும் மழைமானி ஒன்று இருக்கட்டும். மாணவர்கள் காலைதோறும் அளந்து கரும்பலகையில் எழுதட்டும். பக்கத்து ஊரில் பெய்யும் மழை நம் ஊரில் பெய்யாமல் இருக்கலாம். ஆனால் அந்த நீர் நாளை நம் வாசலுக்கு வரும். இறக்காமம் குளத்தின் நீர்மட்டமும், மேற்கே இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டமும் மாரியில் அன்றாடம் தமிழில் அறிவிக்கப்படவேண்டும். வான்கதவு திறக்கப்படுமுன் கீழ்நிலத்து மக்களுக்குப் போதிய நேரம் கிடைக்கவேண்டும். தோணாவும் வடிகாலும் மாரிக்கு முன் துப்புரவாகவேண்டும். முகத்துவாரம் எப்போது வெட்டப்படும் என்பதில் கமக்காரனும் மீனவனும் வெள்ளம் வந்தபின் கரையில் நின்று பூசலிடுவதை விடுத்து, முன்னரே ஒரு மேசையில் அமர்ந்து முடிவு காணவேண்டும்.

நான்காவது, ஓடும் நீரில் இறங்கலாகாது. முழங்காலளவு விரைவு நீர் ஆளைத் தள்ளும். இரண்டடி ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான மோட்டார் வாகனங்களை இழுத்துச் செல்லும். உழவு இயந்திரம் உயரமானது என்ற துணிவு எவ்வளவு விலை கேட்டது என்பதை மாவடிப்பள்ளி நமக்குக் காட்டியது. வீதியை நீர் மேவினால் அவ்விடத்தில் கயிறு கட்டி மறிக்கும் அதிகாரத்தை அவ்வூர்க் குழுவுக்கு வழங்குமாறு பிரதேச செயலாளரைக் கேளுங்கள். பாடசாலையும் மத்ரசாவும் வெள்ள நாளில் பிள்ளைகளை வெளியே அனுப்புமுன் அக்குழுவைக் கேட்கட்டும். ஓர் இரவு பிள்ளை வீட்டுக்கு வராவிட்டால் தாய் கலங்குவாள். அந்தக் கலக்கம் மறுநாள் தீரும்.

ஐந்தாவது, வழக்கறிஞன் என்ற முறையில் ஒரு சொல். காணி உறுதி, உத்தரவுப் பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு, படமும் எடுத்து வேறூரில் உள்ள உறவினரிடம் ஒரு பிரதி வையுங்கள். சுனாமிக்குப் பின் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவு செய்வதற்கே 2005 இல் தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. கணவனின் உடலும் இல்லை, காகிதமும் இல்லை என்று நின்ற கைம்பெண்கள் எத்தனை அலுவலகங்களுக்கு நடந்தார்கள் என்பதை இக்கரையின் நீதிமன்றங்கள் அறியும். விதைப்பு முடிந்ததும் வயலைப் படம் எடுத்து வையுங்கள். வெள்ளம் வடியுமுன் இன்னொரு படம் எடுங்கள். காப்புறுதியும் இழப்பீடும் கேட்கும் நாளில் அவ்விரு படங்களும் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

"விதி" என்போருக்கு

"எல்லாம் இறைவன் விதித்தபடி நடக்கும்" என்று சொல்லும் பெரியோரை நான் மதிக்கின்றேன். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பாரத்தைப் போடலாகாது என்ற நபிகளாரின் அறிவுரையை நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் கேளாதவர் யார்? முயற்சி நம்முடையது, முடிவு அவனுடையது.

"சென்ற முறையும் புயல் என்றார்கள், வரவில்லையே" என்போரும் உண்டு. வானம் கணக்கர் எழுதும் பேரேடு அன்று. நூறு கல் விலகிச் சென்ற புயல் பொய்த்துவிட்டதென்று கொள்வது பேதைமை. வீட்டுக்குப் பூட்டு வாங்கியவன், அன்றிரவு கள்வன் வரவில்லை என்பதற்காகப் பூட்டைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பதில்லை.

"தலைக்குமேல் வெள்ளம் போனால் சாணென்ன, முழமென்ன?" என்பது நம்மவர் வாய்ச்சொல். அது வெள்ளம் தலைக்குமேல் போனபின் சொல்லும் சொல். நாம் பேசிக்கொண்டிருப்பது வெள்ளம் கணுக்காலில் நிற்கும் வேளையைப் பற்றி. அவ்வேளையில் ஒரு சாணும் ஒரு முழமும் உயிருக்கும் மரணத்துக்கும் இடையேயான தூரம்.

நாம் கேட்பது

ஆட்சியாளரிடம் நாம் கேட்பது பெரிதன்று. சிங்களத்தில் எச்சரிக்கை வெளியாகும் அதே நிமிடத்தில் தமிழிலும் வெளியாகட்டும். அதற்கு இரவும் பகலும் கடமையிலிருக்கும் தமிழ் அறிந்த அலுவலர்களை நியமியுங்கள். எச்சரிக்கையில் "கிழக்கு மாகாணம்" என்று மட்டும் எழுதாதீர்கள். இறக்காமம் என்றும் காரைதீவு என்றும் பிரதேசத்தின் பெயரைச் சொல்லுங்கள். மாரிதோறும் மூழ்கும் வீதிகளை உயர்த்திப் பாலமிடுங்கள். அது முடியும் வரையில் அவற்றை மூடவேண்டிய நீர்மட்டம் எது, மூடும் அதிகாரி யார் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். ஒவ்வொரு பிரதேசத்தின் அனர்த்தத் திட்டத்தையும் தமிழில் அச்சிட்டு ஊர்ச் சந்தியில் ஒட்டுங்கள்.

2027 இறுதிக்குள் உலகின் ஒவ்வொரு மனிதனையும் முன்னெச்சரிக்கை எட்டவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் 2022 இல் இலக்கு வகுத்தார். அந்த "ஒவ்வொரு மனிதன்" என்பதில் வரிப்பத்தான்சேனை முதியவரும் அடங்குவார். அவருடைய மொழியில் சொன்னால்தான் அவரை எட்டியதாகும்.

தமிழ் பேசும் மக்களே! சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, வைத்தியர்களே, கமக்காரப் பெருமக்களே! ஐப்பசி மழைக்கு முன், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னரோ, கோவில் பூசைக்குப் பின்னரோ, உங்கள் ஊரில் பத்துப்பேர் கூடுங்கள். ஒருவர் தகவல் அறியும் விண்ணப்பத்தை எழுதட்டும். ஒருவர் நோயாளர் பட்டியலை எழுதட்டும். ஒருவர் மழைமானிக்கு இடம் பார்க்கட்டும். சட்டம் தெரிந்தவர்கள் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து எழுத உதவட்டும். கல்முனைப் பகுதியில் அப்படி அழைக்கும் எந்த ஊருக்கும் கட்டணமின்றி வந்து எழுதித்தர நான் ஆயத்தமாயிருக்கின்றேன். என்னைப் போன்ற பலர் இருக்கின்றனர், கேளுங்கள்.

அடுத்த முறை அந்த முதியவரின் தொலைபேசி ஒலிக்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று அவர் எவரையும் கேட்கவேண்டியிருக்கலாகாது. தாமே படித்து, மகனை வாடியிலிருந்து அழைத்து, அண்டை வீட்டுக் கதவையும் தட்டவேண்டும். அதுவரை இந்த வழக்கு முடிவதில்லை.